வெட்டாத கத்தி

வானொலியில் ஒரு பேச்சைக் கேட்கும்போது, பேசியவர் நடுவில் எத்தனை முறை இருமினார், எந்தச் சொல்லில் தடுமாறி மறுபடியும் தொடங்கினார் என்பதை நேயர் அறிவதில்லை. அறிய வேண்டிய அவசியமும் இல்லை. இருமலும் தடுமாற்றமும் ஒலிப்பதிவு அறையிலேயே நீக்கப்பட்டுவிடுகின்றன. நீக்குகிறவர் யார், எந்தக் கருவியால் நீக்குகிறார், நீக்கிய பகுதி எங்கே போகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் கடந்த எழுபது ஆண்டுகளில் விடை முற்றிலும் மாறிவிட்டது. மூன்றாவது கேள்விக்குரிய விடையே மற்ற இரண்டையும்விட முக்கியமானது என்பது என் எண்ணம்.

பெயரிலிருந்தே தொல்லை தொடங்குகிறது. இன்று இந்த வேலைக்கு உதவும் மென்பொருளை ஆங்கிலத்தில் 'டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன்' என்பார்கள். மொழிபெயர்ப்பையே இருபது ஆண்டுகளாக உத்தியோகமாகக் கொண்டவன் என்ற முறையில் இதற்கு ஒரு சொல் தேடினேன். 'எண்முறை ஒலிப் பணிநிலையம்' என்று எழுதினால் அகராதிக்குத் திருப்தி. படிப்பவருக்கோ ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தின் பெயர்ப்பலகை நினைவுக்கு வரும். வெட்டவும் ஒட்டவும் இழைக்கவும் இடமுள்ள அறைக்கு நம் நாட்டில் பட்டறை என்று பெயர். ஆகவே ஒலிப்பட்டறை என்றே சொல்லிச் செல்கிறேன். கணிப்பொறிக்குள் அமைந்த பட்டறை என்று கொள்க.

இந்தப் பட்டறையின் அருமை தெரிய வேண்டுமானால் முதலில் ஒலிநாடாவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மாக்னெட்டோபோன்' என்னும் நாடாப்பதிவு யந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. காந்தத் துகள் பூசிய அந்த மெல்லிய நாடா, யுத்தம் முடிந்த பிறகு உலகத்து வானொலி நிலையங்களுக்குள் எல்லாம் நுழைந்தது. இசைத்தட்டில் பதிந்த ஒலியை வெட்ட முடியாது, நாடாவை வெட்டலாம். உயர்ந்த தரமுள்ள பதிவுகளில் நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். அதாவது ஒரு விநாடிப் பேச்சு என்பது 15 அங்குல நீளமுள்ள ஒரு பொருள். கையில் எடுக்கலாம், அளவுகோலால் அளக்கலாம். இருமல் ஒன்று பத்து அங்குலம் இருக்கும். தொகுப்பாளர் சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொண்டு, சவர பிளேடால் சாய்வாக வெட்டி, இரு முனைகளையும் சேர்த்து முதுகுப்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டுவார். சாய்வாக வெட்டுவதற்குக் காரணம் உண்டு. நேராக வெட்டினால் இணைப்பு கடக்கும்போது 'டக்'கென்று ஓர் ஒலி கேட்கும். சாய்வாக வெட்டினால் ஓர் ஒலி தேய, மற்றது வளரும். வெட்டிய இருமல் தரையில் சுருண்டு கிடக்கும். மூன்றாவது கேள்விக்கு அக்காலத்து விடை அதுதான்.

இந்தக் கத்தியைக் கொண்டு செய்த வேலைகள் சாமானியமானவை அல்ல. கனடா தேசத்துப் பியானோ வித்துவான் கிளென் கூல்ட், மேடைக் கச்சேரிகளை 1964இல் அடியோடு விட்டுவிட்டு ஒலிப்பதிவு அறையையே தம் அரங்கமாக ஆக்கிக்கொண்டார். பாக் இயற்றிய ஓர் உருப்படியை அவர் எட்டு முறை வாசித்துப் பதிந்தார். ஆறாவது பதிவு மிகவும் கம்பீரமாகவும், எட்டாவது மிகவும் குதூகலமாகவும் இருப்பதாக அவருக்குப் பட்டது. இரண்டையும் வெட்டி, முதலும் முடிவும் ஒன்றிலிருந்தும் நடுப்பகுதி மற்றொன்றிலிருந்தும் வருமாறு இணைத்தார். இதை ஒளிக்காமல் 1966இல் தாமே எழுதியும் வைத்தார். அதே 1966ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினரின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' என்னும் பாடலுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. சுருதியும் வேறு, காலப்பிரமாணமும் வேறு. பாடலாசிரியர் ஜான் லெனனுக்கு ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் பிடித்திருந்தன. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் கடந்த இடத்தில் வெட்டி ஒட்டினார்கள்.

கணிப்பொறி வந்துதான் சங்கீதத்தில் பொய் புகுந்தது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒட்டுவேலை பழைய வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்தவருக்கு ஒரு பயம் இருந்தது. மூல நாடாவில் கத்தி பட்டுவிட்டால் பட்டதுதான். மறுபடியும் ஒட்டலாம், வெட்டாத நாடாவாக ஆக்க முடியாது. ஆகவே பிளேடை எடுக்கும் முன் மனத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

இனி கணிப்பொறிக்கு வருவோம். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. அந்த ஏற்றத்தாழ்வைப் போதிய வேகத்தில் திரும்பத் திரும்ப அளந்து எண்களாக எழுதிக்கொண்டால், எண்களிலிருந்தே ஒலியைத் திரும்பப் பெறலாம். 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் இருந்த மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியியல் அறிஞர் இதைச் செய்து காட்டினார். அவர் வயலின் வாசிப்பதில் ஆர்வமுடையவர். 'மியூசிக்' என்று பெயரிட்ட நிரல் ஒன்றை எழுதி, ஐ.பி.எம். 704 என்னும் பெரிய கணிப்பொறியில் ஓட்டி, பதினேழு விநாடி நேரம் ஒலிக்கும் ஓர் இசைத்துணுக்கைப் பிறப்பித்தார். அந்தக் கணிப்பொறி நியூயார்க் நகரில் இருந்தது. எண்களை ஒலியாக்கும் கருவியோ நியூ ஜெர்சியில் அவருடைய ஆராய்ச்சிசாலையில் இருந்தது. கணக்கு முடிந்ததும் எண்கள் பதிந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினால்தான் தாம் படைத்தது சங்கீதமா இரைச்சலா என்று அவருக்கே தெரியும். அந்தப் பதினேழு விநாடி கேட்பதற்கு இனிமையானது என்று சொல்ல முடியாது. ஆயினும் எந்த ஒலியையும் எண்ணால் எழுதலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

எண்ணால் எழுதலாம், எழுதிய எண்களை எங்கே வைப்பது? இந்தக் கேள்விதான் அடுத்த முப்பது ஆண்டுகளின் கதை. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 44,100 முறை, இடது வலது என்னும் இரண்டு வழிகளுக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு பைட் இடம் வேண்டும். விநாடிக்கு 1,76,400 பைட். நிமிடத்துக்கு ஒரு கோடிக்குச் சற்று மேல். 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணிப்பொறியின் நினைவகம் முழுவதையும் ஒலிக்கே கொடுத்தாலும் அதில் முக்கால் விநாடிதான் அடங்கும். 'சங்கீதம்' என்று சொல்லி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

பணமும் பெரிய யந்திரமும் இருந்த இடத்தில் மட்டும் வழி பிறந்தது. யூட்டா மாகாணப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்ஹாம் 1975இல் சால்ட் லேக் நகரில் 'சவுண்ட்ஸ்ட்ரீம்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இவர் பெயர் வேறொரு விதத்திலும் சரித்திரத்தில் இடம்பெற்றது. அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனின் வாட்டர்கேட் விவகாரத்தில், ஒலிநாடா ஒன்றில் பதினெட்டரை நிமிடம் பேச்சு மறைந்து வெறும் இரைச்சல் இருந்தது அல்லவா? அதை ஆராய நீதிமன்றத்துக்காக அமைக்கப்பட்ட ஆறு நிபுணர்களுள் ஸ்டாக்ஹாமும் ஒருவர். குறைந்தது ஐந்து தனித்தனி முறைகளில் அது அழிக்கப்பட்டது என்று அவர்கள் 1974இல் முடிவு கூறினார்கள். நாடாவில் செய்த திருத்தம் தடயம் விட்டுப்போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தத் தடயத்தைப் படித்தவரே, தடயமில்லாத திருத்தத்துக்கும் வழி செய்தார் என்பது ஒரு விசித்திரம். எழுபதுகளின் பிற்பகுதியில் அவருடைய நிறுவனம், டி.ஈ.ஸி. நிறுவனத்தின் பி.டி.பி.-11 இனத்துக் கணிப்பொறியோடு பெரிய காந்தத் தட்டுகளை இணைத்து, ஒலியலையை ஒரு திரையில் கோடாகக் காட்டி, இணைப்பைக் கேட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் இடம் மாற்றும் ஏற்பாட்டைச் செய்தது. ஒலிப்பட்டறைகளின் மூதாதை இதுவே எனலாம். ஆனால் இதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

சாதாரண இசைக்கலைஞனுக்கு உதவி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஒலியைச் சேமிக்க இடமில்லை என்றால் ஒலியை விட்டுவிட்டு, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு விசையோடு அழுத்தினான் என்ற குறிப்பை மட்டும் சேமித்தால் என்ன? ஒரு ஸ்வரத்துக்கு மூன்று பைட் போதும். இதற்கான பொது மொழியே 'மிடி'. அமெரிக்கர் டேவ் ஸ்மித்தும் ஜப்பானியர் இகுதாரோ காகெஹாஷியும் முன்னின்று உருவாக்கிய இந்த ஏற்பாட்டின்படி, 1983 ஜனவரியில் போட்டியாளர்களான இரண்டு கம்பெனிகளின் வாத்தியங்கள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசித்தால் மற்றது ஒலித்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஸ்டைன்பர்க்கும் மான்ஃபிரெட் ரூருப்பும் தொடங்கிய நிறுவனம், வீட்டுக் கணிப்பொறியில் இந்தக் குறிப்புகளைப் பதிந்து திருத்தும் நிரல்களை விற்கலாயிற்று. 1985இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணிப்பொறியில் மிடிக் கம்பி செருகும் துளை பிறவியிலேயே இருந்தது. அதனால் ஐரோப்பிய இசைக்கலைஞர்களுக்கு அது செல்லப் பிள்ளையாயிற்று. ஸ்டைன்பர்க்கின் 'கியூபேஸ்' 1989இல் அதற்காகவே பிறந்தது. காலம் இடமிருந்து வலமாக ஓட, வாத்தியங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட அதன் திரை, இன்றைய ஒலிப்பட்டறைகள் பலவற்றின் திரையாகவும் இருக்கிறது.

மிடியைப் பற்றி நம் நாட்டார் ஒன்று சொல்லியாக வேண்டும். அது கட்டை அழுத்தும் வாத்தியத்தின் மொழி. ஸ்வரம் என்பது அழுத்திய கணத்தில் தொடங்கி எடுத்த கணத்தில் முடியும் ஒரு புள்ளி என்பது அதன் கொள்கை. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து போகும் கமகத்தை அதில் எழுத, தனியே ஒரு வளைவுக் குறிப்பைச் சேர்த்துப் பெரும்பாடு படவேண்டும். சஹானாவை அதில் எழுதிப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். தாளம் பிசகிய ஸ்வரங்களைக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் வசதியும் இந்நிரல்களில் உண்டு. நம் வித்துவான்கள் வேண்டுமென்றே தாளத்தைத் தள்ளி எடுக்கும் அழகை அது பிழையென்றே கருதும். கருவியைச் செய்தவர்கள் தங்கள் சங்கீதத்தை மனத்தில் வைத்துச் செய்தார்கள், அதில் குற்றமில்லை. நாம் அதை எடுத்துக்கொள்ளும்போது எதை எடுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

நம் நாட்டில் இந்த வழி வேகமாகவே பரவியது. சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோது அந்த ஒலியமைப்பின் புதுமையைத் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்களும் கவனித்தார்கள். பெரிய வாத்தியக் குழுவை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே மூச்சில் பதியும் முறைக்குப் பதில், ஒவ்வொருவராக வரவழைத்து அடுக்கடுக்காகப் பதியும் முறை மேலோங்கத் தொடங்கிய காலம் அது.

மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்வோம். கலிபோர்னியாவில் பீட்டர் காட்சரும் இவான் ப்ரூக்ஸும் என்னும் இரு நண்பர்கள், மின் முரசு ஒன்றுக்கு மாற்று ஒலிகள் பதிந்த சில்லுகளை விற்றுத் தொழில் தொடங்கினார்கள். அந்த ஒலிகளைத் திருத்துவதற்காகத் தாங்கள் எழுதிய நிரலை 1985இல் மெக்கின்டாஷுக்கு வெளியிட்டார்கள். வன்தட்டுகளின் விலை இறங்க இறங்க, 1989இல் இரண்டு தடம் கொண்ட 'சவுண்ட் டூல்ஸ்', 1991இல் நான்கு தடம் கொண்ட 'ப்ரோ டூல்ஸ்' என்று அவர்கள் வளர்ந்தார்கள். ஆறாயிரம் டாலருக்கு நான்கே தடம்! அக்காலத்து நல்ல நாடா யந்திரத்தில் இருபத்து நான்கு தடம் இருந்தது. ஆகவே பெரிய ஒலிப்பதிவாளர்கள் அதைப் பார்த்து நகைத்ததில் வியப்பில்லை.

ஆனால் அதில் ஒரு குணம் இருந்தது. மூல ஒலி வன்தட்டில் ஒருமுறை எழுதப்பட்டால் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. திரையில் கத்தரிக்கோல் படம் தெரியும். அதைக் கொண்டு வெட்டினால் அலை இரண்டாகப் பிரிவதும் தெரியும். உண்மையில் எதுவும் வெட்டுப்படவில்லை. ஒரு பட்டியல் மட்டும் திருத்தப்படுகிறது: 'முதற்பதிவில் பத்தாவது விநாடியிலிருந்து பதினான்காவது விநாடி வரை வாசி, பிறகு மூன்றாம் பதிவுக்குப் போய் இருபதிலிருந்து தொடர்'. நூல் நிலையத்தில் புத்தகத்தைக் கிழிக்காமல், எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பதைப் போன்றது இது. சீட்டு பிடிக்கவில்லையென்றால் வேறு சீட்டு எழுதலாம். நூறு சீட்டும் எழுதலாம். இருமல் தரையில் விழவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது, வாசிக்கப்படுவதில்லை, அவ்வளவே.

கத்தி வெட்டாமற்போனதும் மற்றவை விரைவாகத் தொடர்ந்தன. 1996இல் ஸ்டைன்பர்க், எதிரொலிக் கருவி போன்ற பெட்டிகளை மென்பொருளாகவே செருகும் வழியை வெளியிட்டது. 1999இல் வாத்தியங்களையே அவ்வாறு செருகலாமென்றாயிற்று. 1997இல் ஆண்டி ஹில்டெப்ராண்ட், சுருதி விலகிய குரலைச் சுருதிக்குக் கொண்டுவரும் 'ஆட்டோ-ட்யூன்' என்னும் நிரலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இவர் அதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிகளுக்காகப் பூமிக்கடியில் அனுப்பிய அதிர்வுகளின் எதிரொலியைக் கணக்கிட்டு எண்ணெய் இருக்கும் இடத்தை அறியும் துறையில் இருந்தவர். பூமியின் குரலைப் படித்த கணிதம் பாடகியின் குரலுக்கும் பொருந்தியது! 1999இல் ரிக்கி மார்ட்டினின் ஒரு பாட்டு, நாடாவே இல்லாமல் முழுவதும் ப்ரோ டூல்ஸில் உருவாகி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2000இல் 'ஒடாசிட்டி' இலவசமாகவே வந்தது. 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறியோடு 'கராஜ் பேண்ட்' என்னும் பட்டறையைச் சேர்த்து அனுப்பியது. பல லட்சம் ரூபாய்க் கூடத்தில் செய்த காரியத்தை ஒரு கல்லூரி மாணவன் விடுதி அறையில் செய்யலானான். இதை நான் பெரிய நன்மையென்றே கருதுகிறேன்.

நஷ்டம் இல்லையா? உண்டு. பிளேடு கையில் இருந்தவர் முடிவு செய்தாக வேண்டும் என்றேன். இப்போது முடிவைத் தள்ளிப்போடலாம். பாடகர் நாற்பது முறை பாடுகிறார். பின்னால் யாரோ ஒருவர் நாற்பதிலிருந்தும் சொல் சொல்லாகப் பொறுக்குகிறார். கூல்ட் எட்டு பதிவுகளைக் கேட்டு இரண்டைத் தேர்ந்தார் என்றால், அந்தத் தேர்வு அவருடைய இசையறிவின் பகுதி. நாற்பதில் பொறுக்குகிறவர் பாடகர் அல்லர். சில சமயம் இசையமைப்பாளரும் அல்லர்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றை நானே கண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்காக ஒரு விவரணப் படத்தின் உரையைத் தமிழாக்கினேன். ஒலிப்பட்டறையில் பதிந்தார்கள். நான் அருகிலேயே உட்கார்ந்து, இங்கே சொல் நீட்டம், அங்கே இடைவெளி என்று சொல்லச் சொல்லத் தொழில்நுட்பர் திரையில் நகர்த்திக் கொடுத்தார். பத்தாண்டு கழித்து அதில் ஒரு புள்ளிவிவரத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. தகட்டில் இருந்த கோப்பைத் திறந்தார்கள். தடங்கள் வந்தன, நாங்கள் வெட்டிய இடமெல்லாம் நூலிழை பிசகாமல் வந்தது, நேரக் குறிப்புகளும் வந்தன. ஒலி மட்டும் வரவில்லை. தகட்டில் எடுத்து வைத்தது சீட்டை மட்டும்தான். புத்தகம் இருந்த வன்தட்டு எப்போதோ துடைத்து வேறு வேலைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

எங்கள் தவறு கவனக்குறைவு. கவனமாக இருந்தவர்களுக்கும் வேறு விதத்தில் இந்த ஆபத்து நேர்ந்திருக்கிறது. மிடியையும் ஒலியையும் முதன்முதலாக ஒரே திரையில் சேர்த்த 'ஸ்டூடியோ விஷன்' 1990இல் வந்தது. அதைச் செய்த ஆப்கோட் கம்பெனி 1998இல் கைமாறி, விரைவில் வேலையே நின்றுபோயிற்று. அதில் செய்த சங்கீதத்தைத் திறக்க அக்காலத்துக் கணிப்பொறியையே தேடிப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம், ஒலியோடு அதன் விவரத்தையும் சேர்த்து வைக்கும் பொது வடிவம் ஒன்றை 1997இல் வெளியிட்டது. வானொலி நிலையங்களும் ஆவணக் காப்பகங்களும் பெரும்பாலும் அதையே கைக்கொள்கின்றன. அது புத்தகத்தைக் காக்கும். சீட்டைக் காக்க, ஒரு கம்பெனியின் பட்டறையில் செய்ததை மற்றொன்றில் திறக்க உதவும் திறந்த வடிவம் ஒன்றை 2023இல் பிட்விக், பிரிஸோனஸ் என்னும் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து வெளியிட்டன. எத்தனை பேர் ஏற்பார்கள் என்பது இனிமேல் தெரிய வேண்டியது.

அந்த அலுவலகத்து அலமாரியில் எங்கள் தகட்டுக்குப் பக்கத்திலேயே, எனக்கு முந்திய மொழிபெயர்ப்பாளர் காலத்து நாடாச் சுருள் ஒன்றும் இருந்தது. ஓடும் நிலையில் ஒரே ஒரு நாடா யந்திரம் மிச்சமிருந்ததால் ஆவலில் அதைப் போட்டுப் பார்த்தோம். பழைய பசை காய்ந்து இரண்டு இடத்தில் இணைப்பு விட்டுப்போயிற்று. தொழில்நுட்பர் புது ஒட்டுநாடா தேடி எடுத்து ஒட்டிவிட்டு மறுபடியும் ஓட்டினார். முழுவதும் கேட்டது. மெழுகுப் பென்சில் கோடுகள்கூட மஞ்சளாக அப்படியே இருந்தன.

எங்கள் படத்துக்கு உரையை முதலிலிருந்து மறுபடியும் பதிந்தார்கள். பேசியவர் அதே மனிதர்தான். குரல் சற்று முதிர்ந்திருந்தது.